தையில் காசு, ஆனியில் கல்லூரி

அலங்காநல்லூரை வெளியூர்க்காரர்களுக்குத் தை மாதத்தில்தான் தெரியும். அவனியாபுரம், பாலமேடு முடிந்து மூன்றாம் நாள் எங்கள் வாடிவாசல் திறக்கும். முதலில் கோயில் காளை வரும். அந்த மாதத்தில் ஊரில் காசும் நடமாடும். அறுப்பு நடக்கும், கரும்பு வெட்டு நடக்கும், கடன் கொடுத்தவர்கூடச் சிரித்த முகத்தோடு கேட்பார். நான் எழுத உட்கார்ந்தது ஆனி மாதத்து அலங்காநல்லூரைப் பற்றி.

வைகை அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் பெரியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க வயலுக்குள் இறங்கிவிடும். உழவு, விதை, நாற்றங்கால், வரப்பு வெட்டு, அடியுரம். வீட்டில் இருக்கிற கடைசி நோட்டும் அந்த மாதம் சேற்றுக்குள் போய்விடும். வரவு என்று ஒரு பைசா இருக்காது. கரும்பு போட்டவருக்கும் இதே நிலைதான். கரும்பு காட்டில் நிற்கும், பணம் அரவைக்கு அப்புறம்தான். சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரிச் சேர்க்கையும் வந்து நிற்கும்.

பணமில்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு குறைந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தேதியில் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தத் தேதி தெரியும்.

1986 ஜூனில் மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. 15 காசு போஸ்ட் கார்டு. பி.காம். நேர்காணலுக்கு வரவும், தேர்வானால் அன்றே கட்டணம் செலுத்த வேண்டும் என்று தட்டச்சில் இரண்டு வரி. அப்பா அதற்கு முந்தின வாரம்தான் கிணற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருந்தார். கட்ட வேண்டியது 580 ரூபாய். அப்பாவின் மடியில் இருந்தது 310. பாதியைக் கட்டிவிட்டு மீதியை ஆடிக்குள் கொடுக்கலாம் என்று அவர் நம்பினார். உரக்கடையில் அப்படித்தான், சொசைட்டியில் அப்படித்தான், கல்யாண வீட்டு மொய்கூட முன்னே பின்னே செய்வதுதானே. கல்லூரியும் மனுசர் நடத்துகிற இடம்தானே என்பது அவர் கணக்கு.

கவுன்டரில் இருந்தவர் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியலில் என் பெயருக்குக் கீழே இருந்த பெயரில் பேனாவை வைத்துக்கொண்டு, "நாலு மணிக்குள்ள முழுசா கொண்டாங்கய்யா" என்றார். மணி பன்னிரண்டு. பஸ் பிடித்து ஊருக்கு வந்து, அம்மாவின் தோட்டைக் கழற்றி, அடகுக்கடையில் வைத்து, திரும்பவும் பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். பலகைக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பையனுக்குப் போய்விட்டது. அவன் வீட்டில் முதல் நாளே பணம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவி அடுக்கினார். வேர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிக்கந்தர்சாவடி தாண்டுகிற வரைக்கும் நீவிக்கொண்டே வந்தார்.

ஒரு வருஷம் மாமாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். அந்தத் தையில் நெல் விற்ற காசு வந்த அன்றைக்கே அம்மா 600 ரூபாயை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பங்குனியில் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனபோதும் அதைத் தொடவில்லை. வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள். 1987 ஜூனில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வருமானம் அந்த ஒரு வருஷத்தில் கூடிவிடவில்லை. காசு ஐந்து மாதம் பானைக்குள் காத்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

எனக்கு முந்தின தலைமுறைக்குக் கல்லூரி இன்னும் தூரம். காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடம் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் இலவசமாகிவிட்டது. பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு கல்லூரிக்குள் இருந்தது. அந்த ஓராண்டைத் தாண்ட முடியாமல் நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர். மதுரையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்கன் கல்லூரி 1881, மதுரைக் கல்லூரி 1889, லேடி டோக் 1948, தியாகராசர் 1949, பாத்திமா 1953. ஆனால் இவை எல்லாமே மிஷன்களும் தனிப்பட்டவர்களும் தொடங்கி நடத்தியவை. பெண்களுக்கென்று அரசாங்கமே நடத்தும் மீனாட்சி கல்லூரி 1965-இல்தான் வந்தது. மேலூர் அரசுக் கல்லூரி 1969. அலங்காநல்லூரிலிருந்து மேலூருக்கு மதுரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அத்தைமார் மூன்று பேரில் ஒருவர்கூட மீனாட்சி கல்லூரிப் படியை மிதிக்கவில்லை. பஸ் காசுக்கு யார் தருவார்கள் என்று கேட்டே தாத்தா பேச்சை முடித்துவிடுவாராம்.

அன்று உதவியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தலைமையாசிரியர் தன் சம்பளத்திலிருந்து கட்டுவார். பாதிரியார் ஒருவர் ஹாஸ்டலில் இடம் வாங்கித் தருவார். ஊரில் நாலு ஏக்கர் கூடுதலாக வைத்திருக்கிறவர், "வட்டி வேண்டாம், வேலைக்குப் போனதும் கொடு" என்பார். இவர்களால் படித்து மேலே வந்தவர்கள் உண்டு, அந்த நன்றியை மறக்கவே கூடாது. ஆனாலும் அந்த உதவி போய்ச் சேர ஒரு பாதை இருந்தது. உங்களை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் நீங்கள் போகக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். காலனியிலிருந்து ஒரு பிள்ளை அந்தத் திண்ணைக்கு எப்படிப் போகும்? மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக 1944-லிருந்தே இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைச் சொல்ல ஆள் இல்லாமல், பாரம் வாங்கித் தர ஆள் இல்லாமல், என் வகுப்பில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருவன் பத்தாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போனான்.

காகிதங்களும் அன்று வேறு மாதிரி. வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., பிறகு ஆர்.ஐ., பிறகு வாடிப்பட்டி தாலுகா ஆபீஸ். நகல்களில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். பச்சை மைக்காரர் ஒருவரைப் பிடிக்க இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாக்கள் அலைந்தார்கள். இன்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் வருமானச் சான்று விண்ணப்பம் போய்விடுகிறது. குடும்பத்தில் பட்டதாரி யாருமில்லை என்பதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் அதே வழியில்தான். சர்வர் வேலை செய்யவில்லை, மேப்பிங் ஆகவில்லை, ஆதாரில் இனிஷியல் மாறியிருக்கிறது என்று இன்றைக்கும் அலைச்சல் உண்டு. ஆனால் திண்ணைக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிட அந்த வரிசையில் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். வரிசையில் நிற்கிற பிள்ளை யாருக்கும் கடமைப்பட்டதில்லை.

இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அரசாங்கம் தோளில் ஏற்றிக்கொண்ட பாரம் சாதாரணமானதல்ல. 2007-08-லிருந்து அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 2010-11-இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு, சாதி எதுவானாலும் வருமானம் எவ்வளவானாலும், கல்விக் கட்டணத்தை அரசே கட்டியது. 2012-இல் வந்த அரசாணை 92 ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சுயநிதிக் கல்லூரிக் கதவையும் திறந்துவிட்டது. "ஜி.ஓ. 92 இருக்குல்ல" என்று பிள்ளைகள் வாயில் ஒரு அரசாணையின் எண் புழங்கியதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்றது.

மருத்துவத்தில் அந்த முதல் ஆண்டு நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் கலந்தாய்வு. அதுவரை விரல்விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஆண்டில் 300-க்கும் மேல் எம்.பி.பி.எஸ். இடங்கள். நாடே பாராட்டியது. ஆனால் அதில் ஒரு பகுதி தனியார் கல்லூரி இடங்கள். ஆண்டுக் கட்டணம் நாலு லட்சத்தை ஒட்டி. கூலி வேலைக்குப் போகிற தாய் தகப்பனோடு மேடை வரைக்கும் வந்த சில பிள்ளைகள், கட்ட வழியில்லை என்று டாக்டர் படிப்பு இடத்தை விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். சில நாட்களிலேயே அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அதற்குள் இறங்கிப் போனவர்கள் போனவர்கள்தான். சிலர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பணம் வந்தது, சில நாள் பிந்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாத்திய பலகைக் கதவுதான் ஞாபகம் வந்தது.

நாலு வருஷம் கழித்து உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கும் அதேதான் நடந்தது. ஐ.ஐ.டி. தன்பாத்தில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கடைசி நேரம் 2024 ஜூன் 24, மாலை 5 மணி. ஊரில் திரட்டிப் பணம் சேர்ந்து, கணினியில் ஏற்றுவதற்குள் மணி ஐந்தாகி இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்து அலைந்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்க உத்தரவிட்டது. ஒரு தலித் பிள்ளை 17,500 ரூபாய்க்காகத் தலைமை நீதிபதி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தால் போதுமே.

அமெரிக்காவில் இந்தச் சங்கடம் வேறு இடத்தில் வருகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில பல்கலைக்கழகங்கள், பிள்ளையிடம் பணமிருக்கிறதா என்று பார்க்காமலே தேர்ந்தெடுத்து, குறைகிற பணத்தைத் தாங்களே தருவதாகச் சொல்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே. மற்றப் பல கல்லூரிகளில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதினாலே இடம் கிடைப்பது அரிதாகிவிடும். அங்கே வறுமை பட்டியலுக்கு முன்னாலேயே குறுக்கே நிற்கிறது. நம் ஊர்க் கலந்தாய்வுப் பட்டியல் மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் மட்டுமே பார்க்கிறது, அந்த நேர்மையை நான் மனமார மதிக்கிறேன். நம்மிடம் பணக் கேள்வி பட்டியலுக்குப் பின்னால் வருகிறது, ஒரு வார அவகாசத்தோடு.

அந்த ஒரு வாரத்தை நிரப்பத்தான் கல்விக்கடன் என்று சொன்னார்கள். 2001-இல் வங்கிகளுக்கென்று மாதிரித் திட்டம் வந்தது. நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்றது அது. 2009-10-லிருந்து ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்றது. எழுத்தில் எல்லாம் சரி. என் சித்தப்பா மகனுக்குக் கடன் கேட்டுப் போனபோது ஒரு வங்கியில் "உங்க ஊரு எங்க சர்வீஸ் ஏரியாவுல வராது" என்றார்கள். அடுத்த வங்கியில் மேனேஜர் லீவு. மூன்றாவது இடத்தில் பாரம் கொடுத்தார்கள். கடன் அனுமதியானபோது முதல் செமஸ்டரே முடியப்போகிறது. இடையில் சித்தப்பா மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார். கல்விக்கடனில் பாதி அந்த வட்டிக்காரருக்குத்தான் போனது. இப்போது மதுரை எம்.பி. சு. வெங்கடேசனும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து கல்விக்கடன் முகாம்கள் நடத்துகிறார்கள். வங்கிக்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்கார்கிறார்கள். பாரத்தைக் கையில் வாங்கி, என்ன குறைகிறது என்று அங்கேயே சொல்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்குத்தான் நான் கை தட்டுவேன்.

ஊரும் மாறிவிட்டது. எங்கள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை சில ஆண்டுகளாக அரவை இல்லாமல் கிடக்கிறது. கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நின்ற ரோட்டில் இன்று காலை எட்டு மணிக்குக் கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. அலங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் காலையில் நிற்கிற கூட்டத்தில் முக்கால்வாசி பொம்பளைப் பிள்ளைகள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தாத்தா கேட்ட பஸ் காசுக் கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஆயிரம் ரூபாய் என்ன பெரிய காசு என்று கேட்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு நிச்சயமான தேதியில் வருகிற காசின் அருமை தெரியாது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் வேறு எந்தக் காசும் சொன்ன தேதியில் வருவதில்லை.

வருமானத்தின் தேதிகளும் மாறிவிட்டன. விவசாயத்தை விட்டுக் கட்டட வேலைக்கும், பூக்கட்டுவதற்கும், மாட்டுத்தாவணிப் பக்கம் கடை வேலைக்கும் போனவர்களுக்கு வாரக் கூலி. வாரக் கூலி வருகிற வீட்டில் வாரத் தவணையும் இருக்கும். செவ்வாய்க்கிழமை குழு லோன்காரர் வந்து உட்கார்ந்தால் பத்துப் பெண்களும் கட்டி முடிக்கிற வரை எழுந்திருக்கமாட்டார். அந்த வீடுகளில் தையிலும் பணம் தங்குவதில்லை. அரிசிப் பானைக்குள் புதைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளையைச் சொல்கிறேன். அப்பா கொத்தனார், அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறது. பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தது. அந்தப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டுமே. அதை உதவி பெறும் பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். போன ஆடி பிறந்த வாரம் அந்தப் பிள்ளைக்குக் கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மீதிக் கட்டணம், பஸ், யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம் என்று எல்லாம் சேர்த்து முதல் வருஷத்துக்குக் கையிலிருந்து 39,000 ரூபாய். ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். போன் திரையில் அந்தத் தேதியைச் சிவப்புக் கட்டத்தில் காட்டியது. பிள்ளை அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பி, எனக்கும் அனுப்பி, "மாமா, தேதி மாறுமா?" என்று கேட்டது. மாறாதும்மா என்றேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் சீட்டு. 25 பேர், ஆளுக்கு 2,000, மொத்தம் 50,000 ரூபாய் ஏலச்சீட்டு. தை, மாசியில் கேட்க ஆள் இருக்காது. சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கிற தள்ளு இரண்டாயிரம் மூவாயிரத்தோடு நின்றுவிடும். ஆனி, ஆடியில் நாலு வீட்டில் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, நாலு பேரும் கேட்பார்கள். அந்தத் தாய் வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே ஐந்தாயிரத்தில் ஆரம்பித்தது. எதிரில் இன்னொரு பெண், அதற்கும் நர்சிங்கில் மகள். ஏழு, எட்டு, ஒன்பதரை. பத்தில் எதிரில் இருந்தவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு பத்தரை என்றார். இந்தத் தாய் பதினொன்று என்றதும் தெருவே பேசாமல் இருந்தது.

பிள்ளை சேர்ந்துவிட்டது. தள்ளு போக வந்த 39,000 ரூபாயையும் கட்டி, ரசீதை என்னிடம் காட்டிவிட்டுப் போக வந்தார்கள். சான்றிதழ்களை எல்லாம் ஒரு நீலநிற ஃபைலில் வரிசையாக அடுக்கியிருந்தது பிள்ளை: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மாற்றுச் சான்று. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு என்பதால், புதுமைப் பெண் பணம் எந்த மாதத்திலிருந்து வரும் என்று கேட்டது. கல்லூரியில் பதிந்த பிறகு வரும் என்றேன். இதே சீட்டைத் தையில் எடுத்திருந்தால் எவ்வளவு தள்ளு போயிருக்கும் என்று நான் தாயிடம் கேட்டிருக்க வேண்டாம்தான், கேட்டுவிட்டேன்.

"ரெண்டாயிரத்துக்கே விட்டிருப்பாய்ங்கண்ணே" என்றது. "காலேஜுக்காரவுங்க தையில தொறந்தா நாங்களும் தையில எடுத்திருப்போம்ல."

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள்.